சாவி கைக்கு வருமுன் எவ்வளவு கொடுக்கலாம்? சிங்கப்பூரில் வாடகைக்குப் போக நான்கு வழிகள்

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பிள்ளைகள் வீடு தேடிய கதையைச் சொன்னால் அதில் விண்ணப்பக் கட்டணம் என்றொரு செலவு தவறாமல் வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இடம் கேட்டு விண்ணப்பம் போடவே ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். வீடு கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. கடன் வரலாறு, குற்றப் பின்னணி, முந்தைய வாடகை விவரம் எல்லாவற்றையும் தனியார் நிறுவனங்களிடம் காசு கொடுத்துச் சரிபார்ப்பதாக வீட்டுக்காரர்கள் காரணம் சொல்வார்கள். மூன்று இடத்தில் விண்ணப்பித்தால் மூன்று முறை கட்டணம். இதற்கு அங்கேயே எதிர்ப்பு எழுந்தது. நியூயார்க் மாநிலம் 2019இல் 20 டாலர் உச்சவரம்பு வைத்தது; கடந்த 30 நாளுக்குள் எடுத்த சரிபார்ப்பு அறிக்கையை விண்ணப்பதாரரே கொடுத்துவிட்டால் அதையும் வாங்கக் கூடாது. வெர்மான்ட் மாநிலம் இந்தக் கட்டணத்தையே தடை செய்திருக்கிறது. இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் தடை. வீட்டை நமக்காகப் பிடித்து வைக்க வாங்கும் தொகையும் ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது.

சிங்கப்பூரில் இந்த வழக்கம் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. வாடகைக்கு வரும் வெளிநாட்டவர் சட்டப்படி இங்கே தங்கியிருக்கிறாரா என்று பார்ப்பது குடிநுழைவுச் சட்டப்படி வீட்டு உரிமையாளரின் கடமை. அவர் நம் பாஸின் (தங்கும் அனுமதியின்) அசலைப் பார்க்க வேண்டும், கடப்பிதழோடு ஒப்பிட வேண்டும், பாஸ் செல்லுபடியாகிறதா என்று அதை வழங்கிய அமைப்பிடம் உறுதி செய்ய வேண்டும். வேலை பாஸ் என்றால் மனிதவள அமைச்சின் இணையச் சேவையில் செலவில்லாமல் பார்த்துவிடலாம். தன் கடமையைச் செய்ய அவருக்கே செலவில்லாதபோது, அதற்காக நம்மிடம் பணம் கேட்க என்ன நியாயம் இருக்கிறது? அதனால் "அப்ளிகேஷன் ஃபீ", "வியூவிங் ஃபீ", "உங்கள் புரொஃபைலை ஓனரிடம் அனுப்ப 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பேரம்கூடப் பேச வேண்டாம், விலகிவிடுங்கள்.

ஆனால் சாவிக்கு முன் கொடுத்தே ஆக வேண்டிய நியாயமான பணமும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் போன்ற வேலை பாஸில் வந்து இறங்கியவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: முழு வீடு எடுப்பது, உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை எடுப்பது, எல்லா வசதியோடும் அறைகளை வாடகைக்கு விடும் கோ-லிவிங் நிறுவனத்திடம் போவது, ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவரிடம் உள்வாடகைக்குப் போவது. மாத வாடகையை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுவது போதாது. முன்பணம் யார் கைக்குப் போகிறது, எதற்காகப் போகிறது, காரியம் நடக்காவிட்டால் எத்தனை நாளில் திரும்பும் என்பதை வைத்து ஒப்பிட்டால்தான் தெளிவு கிடைக்கும்.

முழு வீடு

அதிகப் பணம் புழங்கும் வழி இது. பழக்கத்தில் இருக்கும் முறையைச் சொல்கிறேன். வீடு பிடித்ததும் எல்ஓஐ எனப்படும் விருப்பக் கடிதத்தைக் கொடுக்கிறோம். அதோடு ஒரு மாத வாடகையை புக்கிங் டெபாசிட்டாகக் கட்டுகிறோம். உரிமையாளர் கடிதத்தில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டால் வீட்டை வேறு யாருக்கும் காட்டுவதில்லை. ஓரிரு வாரத்தில் வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அந்தத் தொகை முதல் மாத வாடகையாக மாறிவிடும். கூடவே பாதுகாப்பு வைப்புத்தொகை: ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாத வாடகை. அதன்மேல் முத்திரை வரி.

வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மூவறை வீட்டுக்கு மாதம் 3,000 வெள்ளி வாடகை, ஓராண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 3,000, வைப்புத்தொகை 3,000. நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 36,000க்கு 144 வெள்ளி. நமக்கென்று முகவர் வைத்திருந்தால் ஓராண்டுக்கு அரை மாத வாடகை கேட்பது நடைமுறை: 1,500. அவருடைய நிறுவனம் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்திருந்தால் 9 விழுக்காடு சேர்ந்து 1,635. ஆக 7,779 வெள்ளி. இதில் 3,000 நாம் வாழப்போகும் மாதத்தின் வாடகை, 3,000 திரும்பி வரவேண்டிய பணம். மிச்சம் 1,779 வெள்ளிதான் உண்மையான செலவு. முகவர் இல்லாமல் போனால் அந்தச் செலவு வெறும் 144.

அப்படியென்றால் முகவர் எதற்கு? அந்த 1,635 வெள்ளியைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 136 வெள்ளி. ஊருக்குப் புதியவர், குடும்பத்தோடு வருகிறவர், பகலில் அலுவலகத்தை விட்டு வர முடியாதவர் என்றால் இது வீண் செலவு இல்லை. நல்ல முகவர் நம் விவரத்தை முன்கூட்டியே பேசிவிடுவார், ஒப்பந்தத்தின் வரிகளை நமக்காகப் படிப்பார், வீட்டை ஒப்படைக்கும் நாளில் வைப்புத்தொகைக்காகவும் நிற்பார். இங்கே சில ஆண்டுகள் இருந்து, ஒப்பந்தம் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. கமிஷன் இவ்வளவுதான் என்று சட்டம் எதையும் நிர்ணயிக்கவில்லை, பேசிக் குறைக்கலாம்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் இருக்கும் எண்ணை அழைத்துப் பேசுகிறோம். எடுப்பவர் பெரும்பாலும் உரிமையாளரின் முகவர். அவரே வீட்டைக் காட்டுகிறார், அவரே ஒப்பந்தம் தயாரிக்கிறார், கடைசியில் நம்மிடமும் அரை மாதம் கேட்கிறார். ஒரே பரிவர்த்தனையில் ஒரு முகவர் இரு தரப்புக்கும் வேலை செய்வதைச் சட்டம் தடை செய்கிறது. அவர் உரிமையாளருக்கு வேலை செய்பவர் என்றால் அவருடைய கமிஷனை உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். அதனால் வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே, "நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள்? என்னிடம் ஏதாவது கட்டணம் உண்டா?" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்; நல்ல முகவர்கள் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

பணம் போகும் கணக்கையும் பாருங்கள். வீவக வீட்டு வாடகையில் டெபாசிட், வாடகை போன்ற பரிவர்த்தனைப் பணத்தை முகவர் கையால் தொடவே கூடாது. அது நேராக உரிமையாளரின் கணக்குக்குத்தான் போக வேண்டும். தனியார் வீட்டுக்கும் அதையே பின்பற்றுங்கள். கமிஷனும் முகவரின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது, அவருடைய நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். பேநவ் (கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம்) திரையில் வரும் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் உரிமையாளர் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

விருப்பக் கடிதம் பல நேரங்களில் ஒரு பக்கம்தான். அதிலுள்ள நான்கைந்து வரிதான் உங்கள் ஒரு மாத வாடகையைக் காப்பாற்றும். எத்தனை நாளுக்குள் உரிமையாளர் ஏற்க வேண்டும், ஏற்காவிட்டால் எத்தனை நாளுக்குள் முழுப் பணமும் திரும்பும் என்று தேதியோடு எழுதுங்கள். உரிமையாளர் பின்வாங்கினால் முழுத் தொகையும் திரும்பும், நாம் பின்வாங்கினால் தொகை போகும் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. அதை நாமும் மதிக்க வேண்டும், கடிதம் கொடுத்துவிட்டு இன்னொரு வீடு தேடுவது முறையில்லை. ஆனால் நம் கையில் இல்லாத காரணங்கள் இரண்டு உண்டு. அவற்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். முதலாவது, வேலை பாஸ் இன்னும் கைக்கு வராமல் கொள்கையளவு ஒப்புதல் மட்டும் இருந்தால், பாஸ் கிடைக்காதபட்சத்தில் பணம் திரும்ப வேண்டும். இரண்டாவது, வீவக அனுமதி. முழு வீவக வீட்டையும் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவதில் விகித வரம்பு இருக்கிறது: வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு. வரம்பு நிரம்பிவிட்ட புளோக்கில் உரிமையாளர் விரும்பினாலும் நமக்குக் கொடுக்க முடியாது. வீவக அனுமதி கிடைக்காவிட்டால் முழு டெபாசிட்டும் திரும்பும் என்ற வரி இல்லாத கடிதத்தில் இந்தியாவிலிருந்து வந்த எவரும் கையெழுத்திடக் கூடாது என்பேன்.

ஒரு மாத வாடகைக்குப் பதில் 500 வெள்ளி தருகிறேன், இரண்டு நாள் பிடித்து வையுங்கள் என்று கேட்கலாமா? கேட்கலாம். வாடகைச் சந்தை சூடாக இருக்கும்போது ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தணிந்திருக்கும்போது ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. அதைவிட நல்லது, விருப்பக் கடிதத்தையே தவிர்த்து ஒப்பந்த வரைவைக் கேட்டு வாங்கி, படித்து, நேராகக் கையெழுத்திடும் நாளில் பணம் கட்டுவது. உரிமையாளரும் நாமும் நேரடியாகப் பேசும்போது இது எளிதில் கைகூடும். முகவர்களை முறைப்படுத்தும் அரசு அமைப்பான சொத்து முகவர் மன்றத்தின் மாதிரி வாடகை ஒப்பந்தம் இணையத்தில் இருக்கிறது, அதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உரிமையாளர் இருக்கும் வீட்டில் ஓர் அறை

தனியாக வந்தவருக்கும் புதிதாகத் திருமணமானவர்களுக்கும் முன்பணக் கணக்கில் இதுவே எளியது. காமன் ரூம் (தனிக் குளியலறை இல்லாத அறை) மாதம் 1,000 வெள்ளி என்றால் முதல் மாதம் 1,000, வைப்புத்தொகை 1,000, ஓராண்டுக்கு முத்திரை வரி 48. முகவர் இல்லாமல் நேரடியாகப் பேசினால் அவ்வளவுதான். வீட்டைக் காட்டியவரே குடியிருப்பதால் உரிமையாளர் யார் என்ற சந்தேகமும் குறைவு. மேலே சொன்ன விகித வரம்பு அறை வாடகைக்குப் பொருந்தாது. வீவக வீடு என்றால் ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். உரிமையாளர் வீவகவிடம் நம்மைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த விவரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

விலை வேறு வடிவத்தில் வரும், குறிப்பாகச் சமையலில். "லைட் குக்கிங்" என்று சொல்லியிருப்பார்கள். தாளிப்பு வாசனை எழுந்த இரண்டாவது வாரத்தில் முகம் மாறும். நம்மவர்கள் பலர் ஒப்பந்தம் முடியுமுன் அறையை விட்டு வெளியேறி வைப்புத்தொகையை இழப்பது இதனால்தான். பணம் கட்டுமுன் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது: தினமும் சமைப்போம், எண்ணெய் தாளிப்பு உண்டு, வாரத்தில் ஒருநாள் மீன்.

இந்தியர் என்று தெரிந்ததும் "ஓனருக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது" என்ற பதிலை வாங்காத தமிழர் இங்கே குறைவு. அது வலிக்கும், வலிக்க வேண்டியதுதான். விளம்பரத்தில் இனத்தைக் குறிப்பிட்டு ஒதுக்குவதை முகவர்களுக்கான விதிகள் தடுக்கின்றன, ஆனால் மனத்துக்குள் இருப்பதை விதி எட்டாது. விண்ணப்பக் கட்டணம் என்ற பழக்கம் இங்கே நுழைந்துவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம். முதல் செய்தியிலேயே மறுத்திருக்கக்கூடிய ஒருவருக்கு நாம் காசும் கொடுத்துவிட்டு மறுப்பை வாங்கும் நிலை வந்துவிடும். அதனால் வீட்டைப் பார்க்கும் முன்பே எத்தனை பேர், என்ன பாஸ், எந்தத் துறையில் வேலை, எப்போதிலிருந்து, எத்தனை மாதம், சமையல் எப்படி என்று ஐந்தாறு வரியில் அனுப்பிவிடுங்கள். வேண்டாம் என்பவர் அங்கேயே சொல்லிவிடட்டும். நம் நேரமும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.

கோ-லிவிங்

அறைகலன், இணையம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. முகவர் கமிஷன் கிடையாது. தனியார் வீடுகளுக்குக் குறைந்தபட்ச வாடகைக் காலம் தொடர்ந்து மூன்று மாதம் என்பதால் சின்ன ஒப்பந்தம் கிடைக்கும். நான்கு வழிகளில் "நிர்வாகக் கட்டணம்", வெளியேறும்போது "சுத்தம் செய்யும் கட்டணம்" என்றெல்லாம் பட்டியலில் வரக்கூடியது இங்கேதான். இவற்றை மோசடி என்று சொல்ல முடியாது, நிறுவனம் வெளிப்படையாக எழுதியிருந்தால் அது விலையின் ஒரு பகுதி. மாத வாடகையோடு அதைச் சேர்த்துப் பிரித்துப் பாருங்கள். சாதாரண அறையைவிட மாதம் 400 வெள்ளி கூடுதல் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்கு 1,200. ஊர் பிடிபடும்வரை நிதானமாகத் தேட அது கொடுக்கத்தக்க விலை. அதையே ஓராண்டு நீட்டினால் 4,800 ஆகிவிடும். அந்தப் பணத்துக்கு நல்ல முகவர் வைத்து நல்ல வீடே பிடித்துவிடலாம்.

உள்வாடகை, பெட் ஸ்பேஸ் (படுக்க ஓர் இடம் மட்டும்)

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் சுவரொட்டியிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதிகம் வருவது இதுதான். முன்பணம் மிகக் குறைவு, காகிதம் எதுவும் இல்லை, இன்றே வரலாம். கையில் காசில்லாமல் வந்திறங்கிய தம்பிமார் இதைத் தேடிப் போவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். வீவக வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட அனுமதி இல்லை. தனியார் வீட்டிலும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. வீவக சோதனைக்கு வந்தால் இரவோடு இரவாக வெளியேறச் சொல்வார்கள், கொடுத்த டெபாசிட் போனதுதான். பெயர் எங்கும் பதிவாகாததால் முகவரிச் சான்றும் இருக்காது. மற்ற மூன்று வழிகளிலும் பணம் தகராறானால் காட்ட ஒரு காகிதம் இருக்கும். இதில் அது இல்லை.

காகிதம் ஏன் முக்கியம் என்றால், சிங்கப்பூரில் வாடகை வைப்புத்தொகையை அரசு பாதுகாத்து வைக்கும் திட்டம் எதுவும் இல்லை. பணம் உரிமையாளரிடம்தான் இருக்கும். காரணமில்லாமல் திருப்பித் தராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை அது விசாரிக்கும். உரிமை கோரும் தொகை 20,000 வெள்ளிவரை. வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. தனிநபர் 5,000 வெள்ளிக்குள் கோர 10 வெள்ளிதான் கட்டணம். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். இங்கே கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் அந்த வரியைக் கட்ட வேண்டும். முகவர் கட்டிவிட்டதாகச் சொன்னால் சான்றிதழை அனுப்பச் சொல்லுங்கள்.

எதை எடுப்பது?

குடும்பத்தோடு ஓராண்டுக்கு மேல் இருக்கப்போகிறீர்கள், ஊர் புதிது என்றால் நமக்கென்று ஒரு முகவரோடு முழு வீடு. ஊர் தெரியும் என்றால் நேரடியாக உரிமையாளரிடம். தனியாள் என்றால் உரிமையாளர் வீட்டு அறை. அதிலும் சமையலைப் பற்றி நிம்மதியாகப் பேச முடிகிற வீடு மாதம் 100 வெள்ளி கூடுதலானாலும் பரவாயில்லை. வேலை நிலைக்குமா என்று தெரியாத முதல் மூன்று மாதம் மட்டும் கோ-லிவிங். ஈராண்டு ஒப்பந்தம் போடுவதானால், வேலை போய் நாடு திரும்ப நேர்ந்தால் ஓராண்டுக்குப் பிறகு முன்னறிவிப்போடு விலக அனுமதிக்கும் டிப்ளோமேட்டிக் கிளாஸ் என்ற ஒப்பந்த விதி இல்லாமல் போட வேண்டாம். வைப்புத்தொகையே இரண்டு மாத வாடகை என்பதால் இழப்பும் இரட்டிப்பு.

இந்தியாவிலிருந்தபடியே வீடு பிடிக்க முயல்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடிக்காரர்கள் தேடுவது உங்களைத்தான். உண்மையான முகவரின் பெயர், படம், பதிவு எண் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, வீட்டின் அழகான படங்களோடு, "நிறைய பேர் கேட்கிறார்கள், பார்க்க வேண்டுமானால் முதலில் டெபாசிட்" என்பார்கள். சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடி, அங்கிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பேசுங்கள். விளம்பரத்தில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் சிங்கப்பூரில் இருக்கும் எவரையாவது 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணில் கேட்டுச் சொல்லச் சொல்லலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் முதலில் வங்கி, உடனே காவல்துறை. உறவினரோ நண்பரோ நேரில் போய், கதவைத் திறந்து, குழாயைத் திறந்து பார்க்கும்வரை ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். அப்படிப் போய்ப் பார்க்க ஆள் இல்லையென்றால் முதல் இரண்டு வாரத்துக்கு ஹோட்டல் அறை போட்டுவிட்டு, வந்திறங்கிய பிறகு தேடுங்கள்.